கொழும்பு தூரம்தான், நீர்கொழும்பு பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விமானம் மாறும் இடத்தில் நேரத்தைக் கழிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த லவுஞ்சில் சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே கால் நீட்டிப் படுக்கலாம், எங்கே செல்போனுக்கு சார்ஜ் போடலாம் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். கொழும்புக்குப் போகிறவர்கள் இறங்கும் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தை மட்டும், 'கொழும்பு தூரம், வெளியே போவது வீண்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கொழும்பு தூரம்தான். ஆனால் விமான நிலையம் கொழும்பிலா இருக்கிறது? வாசலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் நீர்கொழும்பு இருக்கிறதே! அந்த ஊரின் பெயரே கட்டுரையில் இல்லை.

தோகாவில் இருக்கும் எங்கள் மகன், டிக்கெட் விலை குறைவு என்று எங்களுக்குக் கொழும்பு வழியாகப் போட்டுவிட்டான். சென்னையிலிருந்து விடிகாலையில் போய் இறங்கினோம். அடுத்த விமானம் மாலைதான். நடுவில் பத்து மணி நேரம். வெளியே போவதற்கான இணைய அனுமதியை அவனே முன்கூட்டி வாங்கி வைத்திருந்தான். (விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.) உள்ளே ஒருவர், "ட்ரான்சிட் பயணிகள் வெளியே போக முடியாது" என்று அடித்துச் சொன்னார். நாலு அடி தள்ளி இன்னொருவர் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். பெட்டிகள் நேரே தோகாவுக்கு என்பதால் கையில் ஒரு பைதான். கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான்.

வெளியே வரும் வழியில் ஒரு வேடிக்கை. தீர்வையில்லாக் கடை என்றால் சென்ட்டும் சாக்லேட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வரிசையாக நிற்கின்றன! வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் வாங்கிப் போவார்களாம்.

என் கணக்கு இதுதான். பத்து மணி நேரத்தில் வெளியே வர ஒரு மணி நேரம், திரும்பி வந்து காத்திருக்க மூன்று மணி நேரம் கழித்தால் மிச்சம் ஆறு. கொழும்பு என்றால் அதில் போகவர எவ்வளவு போகும் என்பது சாலை நெரிசலைப் பொறுத்தது. அங்கே கோட்டைப் பகுதியைச் சுற்றிப் பார்த்தாலும் மனசு கடிகாரத்தில்தான் இருக்கும். நீர்கொழும்பு என்றால் ஓட்டோவில் ஏறி, ஓட்டுநரோடு பேச ஆரம்பிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

எங்களை நேரே மீன் சந்தையில் இறக்கிவிட்டார். லெல்லம என்கிறார்கள். காலையிலேயே போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று மீனவர்கள் தேவாலயத்துக்குப் போகிற நாள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர் என்பதால் இதற்குச் சின்ன ரோம் என்றே பெயர் உண்டு. சந்தையை அடுத்த மணலில் கண்ணுக்கு எட்டிய வரை தென்னைநார்ப் பாய் விரித்து மீனை வெயிலில் காய வைத்திருந்தார்கள். பெண்கள் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே போனார்கள். என் வீட்டுக்காரர் நாகப்பட்டினத்துக்காரர். கருவாட்டைப் பார்த்ததும் விமானம், தோகா, மகன் எல்லாம் மறந்துபோய் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "எங்க இருந்து வாறீங்க? இந்தியாவா?" என்றார், தமிழில்.

அங்குள்ள மீனவக் குடும்பங்களில் தமிழும் சிங்களமும் சேர்ந்தே புழங்குமாம். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் பேசியதும் தமிழ்தான், ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. பிறகுதான் பிடிபட்டது. நான், நீ, அவன் எதுவானாலும் வினைமுற்று மாறவில்லை. அந்தக் கரையோரப் பேச்சு சிங்களத்தோடு பழகிப் பழகி அப்படி ஆகியிருக்கிறது. 31 வருடம் பிள்ளைகளின் வினைமுற்றுக்குச் சிவப்பு மை போட்டவள் நான். அன்று அந்தப் பெரியவரை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சந்தைக்குப் பக்கத்திலேயே பழைய கோட்டை. போர்த்துக்கீசியர் கட்டியதை டச்சுக்காரர்கள் பிடித்துத் திருத்திக் கட்டியது. வாசல் வளைவில் 1678 என்று பொறித்திருக்கிறது. பார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான், உள்ளே இருப்பது சிறைச்சாலை. புனித மரியாள் ஆலயத்தில் மட்டும் நின்று நிதானமாக விதானத்து ஓவியங்களைப் பாருங்கள். 1874இல் தொடங்கிய கட்டடம் முடிய 1922 ஆகியிருக்கிறது. 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டி தேவாலயமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகவா என்று ஓட்டுநர் கேட்டார். வேடிக்கை பார்க்கப் போகிற இடமில்லை என்று தோன்றியது, வேண்டாம் என்றோம்.

கடற்கரைத் தெருவில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு, ஒரு சின்னக் கடையில் முட்டை அப்பமும், மிளகாயும் வெங்காயமும் இடித்துச் செய்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். பால் விடாத தேநீரைப் பிளேன்டி என்கிறார்கள். இஞ்சி போட்டுக் கொடுத்தார்கள், இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன். அப்புறம் டச்சுக் கால்வாய் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். இரண்டு பக்கமும் படகுகள், வீட்டுக் கொல்லைகள், துணி துவைக்கிற சத்தம். கடற்கரை விடுதிகள் இருக்கும் பகுதிக்குப் போகவே இல்லை, போகத் தோன்றவும் இல்லை.

சொன்ன நேரத்துக்கு முன்பே விமான நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம். கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று பெரிய ஊர்களையே எழுதுகிற உங்கள் பயணப் பக்கத்தில், இப்படி ஓடுபாதையை ஒட்டி இருக்கிற சின்ன ஊர்களுக்கும் மாதம் ஒரு பத்தி ஒதுக்கலாமே. வாசகர்களைக் கேட்டாலே எழுதி அனுப்புவார்கள்.

கருவாடு வாங்க நான் விடவில்லை. தோகாவில் வந்து கூப்பிட்டுப் போன மகன் காரில் ஏறியதும் மூக்கைச் சுருக்கினான். அப்பாவின் செருப்பில் மீன் செதில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மயிலாடுதுறை