குழாய்க்கு வெளியே நின்ற பெட்ரோல்

அன்புள்ள நண்பா,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ வழக்கம்போல இரண்டு வரியில் பதில் போட்டுத் தப்பித்துவிடாதே, இந்த முறை அது போதாது.

அந்தப் பழைய பங்க் ஞாபகம் இருக்கிறதா, அரித்துப்போன தொட்டியைத் தோண்டி எடுத்த அன்று ராத்திரி உன்னைத் தூங்கவிடாமல் போனில் பேசினேனே, அதுதான். போன செவ்வாய்க்கிழமை அங்கே நிலத்தடி நீரைச் சோதிக்கக் குழாய் இறக்கிய மூன்றாம் நம்பர் கண்காணிப்புக் கிணற்றில் அளவுநாடாவை இறக்கினேன். தண்ணீரைத் தொட்டால் விட்டுவிட்டுக் கத்தும், எண்ணெயைத் தொட்டால் நிறுத்தாமல் கத்தும். நிறுத்தாமல் கத்தியது. முனையில் ஏதோ ஒட்டியிருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன், மறுபடியும் அதே. 9.40 மீட்டரிலிருந்து 9.78 வரை பெட்ரோல். அள்ளுகுழாயில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் மேலே வைக்கோல் நிறம், கீழே தண்ணீர், நடுவில் கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு.

இந்தக் கிணற்றுக்குத்தான் மூன்று வருடமாக 'மிதக்கும் பெட்ரோல் இல்லை' என்று எழுதிவந்தோம்.

அன்றைக்கே கிணறு போட்ட பதிவை எடுத்துப் பார்த்தேன். துளைக்குழாய், அதாவது தண்ணீர் உள்ளே வரத் துளை போட்ட பகுதி, 9 மீட்டரில்தான் ஆரம்பிக்கிறது. நீர்மட்டமோ இத்தனை நாளும் 6, 7 மீட்டரில் நின்றது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மட்டத்தின் மேலேதான் கிடக்கும். அது கிடந்த உயரத்தில் குழாய்க்குத் துளையே இல்லை. குழாய்க்கு வெளியே அது சாய்ந்து நின்றிருக்கிறது, நாங்கள் உள்ளே அடியிலிருந்து வந்த தண்ணீரை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். இந்த வருடம் மழை இல்லாமல் மட்டம் இறங்கியதும் அதுவும் கூடவே இறங்கி, முதல் துளை கிடைத்த இடத்தில் உள்ளே வந்துவிட்டது. அள்ளிய தண்ணீரில் கொஞ்சம் பென்சீன், பெட்ரோலில் இருக்கும் அந்த நச்சு, வந்துகொண்டேதான் இருந்தது. மண்ணில் ஒட்டிய மிச்சம் கரைகிறது, நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், ஆக்சிஜன் குறைந்திருப்பதே அதற்கு அடையாளம் என்று எழுதினோம். அவை தின்பது உண்மைதான், ஆனால் மேலே பெட்ரோல் கிடந்து கரைந்துகொண்டே இருக்கும்போது எவ்வளவு தின்றால்தான் தீரும்?

முதல் வருடமே நீ கேட்டாய், 'துளை எந்த ஆழத்தில்டா?' என்று. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அந்த அறிக்கைகளில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

இப்போது இடத்துக்காரர் 38 சென்டிமீட்டரைப் பரப்பளவால் பெருக்கி, எத்தனை லிட்டர் என்று சொல் என்கிறார். குழாயில் நிற்கும் பெட்ரோலின் தடிமன் மண்ணில் இருக்கும் தடிமன் இல்லை, பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். அள்ளி வெளியே எடுத்துவிட்டு எவ்வளவு நேரத்தில் திரும்ப ஊறுகிறது என்று பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். அப்புறம், எங்கள் ஆபீசில் இதைப் 'புதிய கசிவு' என்று எழுதிவிடலாமே என்று ஒரு பேச்சு. தொட்டியே இல்லாத இடத்தில் புதிய கசிவு எங்கிருந்து வரும்? எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதற்குமேல் என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் முதல் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், சொந்தக் கிணறு. போன வருடம் 'குடிக்கலாமா தம்பி?' என்று கேட்டார், அப்போதைய சோதனையை நம்பி, குடிக்கலாம் என்றேன். நேற்று போய் வேண்டாம் என்றேன். ஒரு டம்ளரில் மொண்டு முகர்ந்து பார்த்து, 'ஒரு வாடையும் இல்லையே' என்று என் மூக்கருகே நீட்டினார். தண்ணீரில் பென்சீன் வாடை தெரிய லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் வேண்டும், உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 0.01. ஆயிரம் மடங்கு! இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கொதிக்கவைத்தால் போய்விடுமா என்றார். போகும்தான், 80 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், ஆனால் அவர் அடுக்களைக் காற்றில்தானே போகும். அதையும் சொல்லிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து தண்ணீர் வர ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திருத்த அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று வருடமும் தப்பு என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேன். புதுக்கிணறு இரண்டு போடச் சொல்லி, துளைக்குழாய் 5 மீட்டரிலிருந்து 12 வரை இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறேன், மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் தப்பாதபடி. சிவப்பு மையில் அடி, தயவு பார்க்காதே.

மாதிரிகள் நாளைக் காலை உன் லேபுக்கு வரும், பனிக்கட்டிப் பெட்டியில். 40 மில்லி புட்டிகள் ஒவ்வொன்றையும் நீ சொல்லிக்கொடுத்தபடி தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், பென்சீன் ஆவியாகி ஒதுங்க ஒன்றிலும் ஒரு குமிழி இல்லை. அந்த அம்மாவின் கிணற்றுப் புட்டிக்கு நீல நாடா சுற்றியிருக்கிறேன். அதை முதலில் போடு, எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

உன்
பழைய ரூம்மேட்