மாமாவின் ஜாக்கிக்கு இங்கே மரியாதை இல்லை

பாயான் லெப்பாஸ்,
பினாங்கு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமா? இந்த மாதப் பணம் அம்மா கணக்குக்குப் போய்விட்டது. தொழிற்சாலையில் இப்போது பகல் ஷிப்ட். ‘மாமாக்’ என்று இங்கே சொல்லும் இந்திய முஸ்லிம் கடைகளின் ரொட்டி சானாயும் (நம்ம பரோட்டா மாதிரி) தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால் டீயும் பழகிவிட்டன. அத்தை வைக்கும் மீன்குழம்புக்குத்தான் இங்கே ஈடில்லை. லீவு நாளில் பஸ் பிடித்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் நாகர்கோவிலில் நடப்பது போலவே இருக்கும்.

சீட்டாட ஆள் கிடைத்ததா என்று கேட்டிருந்தீர்கள். கிடைத்தது. அடுத்த பிளாக்கில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் நாலு பேர் கூடுவோம். ஆனால் நாம் ஊரில் ஆடும் இருபத்தெட்டு இல்லை, பிரிட்ஜ்.

இருபத்தெட்டில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் உங்கள் ஜாக்கி இங்கே வெறும் 1 புள்ளிதான். அதற்கு அடுத்த ஒன்பதுக்கு ஒன்றுமே கிடையாது! ஏஸ் 4, ராஜா 3, ராணி 2. சீட்டுக்கட்டு முழுக்க 40 புள்ளி, ஆளுக்குச் சராசரி 10. ஏலத்தைத் தொடங்க 12, 13 வேண்டும். ஜோடியின் கையையும் சேர்த்து 25, 26 வந்தால் பெரிய ஆட்டத்துக்கே போகலாம் என்பதால் அந்தக் கணக்கு. அமெரிக்காவில் கோரன் என்பவர் பரப்பிய முறையாம். நீங்கள் நாலு சீட்டைப் பார்த்துவிட்டே 14 கேட்பீர்கள். இங்கே 13 சீட்டும் கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள்.

புள்ளியை எண்ணினால் முடிந்தது என்று நினைத்தேன். வாத்தியார் விடவில்லை. இரண்டு கைகளை ஒன்றன்பின் ஒன்றாக மேஜையில் விரித்துக் காட்டினார். முதல் கையில் இஸ்பேட் ஏஸ், ராஜா, 9, 7, 4. ஹார்ட் ராஜா, ஜாக்கி, 10, 8, 6. டைமன் இரண்டு சின்னது, கிளாவர் ஒன்றே ஒன்று. மொத்தம் 11 புள்ளி. இரண்டாவதில் இஸ்பேட் ராணி, ஜாக்கி, 6, 3. ஹார்ட் ராஜா, ஜாக்கி, 5. டைமன் ராணி, ஜாக்கி, 4. கிளாவர் ராணி, 8, 7. இதற்கு 12. அவரோ 11 உள்ள கையில் தொடங்கச் சொல்கிறார், 12 உள்ள கையில் பாஸ் சொல்லச் சொல்கிறார்.

புள்ளியோடு, நீளமான இரண்டு இனத்தின் சீட்டு எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். 20 வந்தால் தொடங்கலாம். முதல் கை 11, 5, 5 சேர்ந்து 21. மற்றது 12, 4, 3 சேர்ந்து 19தான். இரண்டாவது கையில் ஏஸே இல்லை, ராணியும் ஜாக்கியும் இனத்துக்கு இனம் சிதறிக் கிடக்கிறார்கள். எதிராளி ஏஸும் ராஜாவும் இறக்கினால் இவர்களால் என்ன செய்ய முடியும்? முதல் கையிலோ பெரிய சீட்டெல்லாம் நீளமான இனத்திலேயே இருக்கிறது. இஸ்பேட்டையே துருப்பாக்கிவிட்டால் கடைசியில் 7, 4கூடப் பிடி எடுக்கும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது மாமா, வேலை நேரத்தில்கூட மனசு கை எண்ணிக்கொண்டிருக்கிறது.

மூன்று பேர் பாஸ் சொல்லி, நாலாவதாக நம்மிடம் வந்தால் கணக்கு மாறும். புள்ளியோடு இஸ்பேட் எண்ணிக்கையைக் கூட்டி 15 வந்தால்தான் தொடங்குவது. இஸ்பேட்தான் ஏலத்தில் உயர்ந்த இனம். அது எதிராளியிடம் இருந்தால் நமக்கு மேலே ஏறிவிடுவான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல கை வந்ததும் நீங்கள் தொண்டையைச் செருமுவீர்களே, இங்கே அது நடக்காது. யோசிப்பது போல் நேரம் எடுத்து ஜோடிக்குக் குறிப்புக் காட்டுவதே தப்பு.

போன வாரம் எனக்கு வந்த கை இது: இஸ்பேட் ஏஸ், ராணி, 7, 5, 3, ஹார்ட் ராணி, 6, 4, டைமன் ஜாக்கி, 8, 5, 2, கிளாவரில் ராஜா மட்டும் தனியாக. 12 புள்ளி, கூட்டினால் 21. ஒற்றை ராஜா ஏஸுக்கு விழுந்துவிடும், அதற்கு 3 கொடுக்காதே என்கிறார் வாத்தியார். நான் ஓர் இஸ்பேட் என்றுதான் தொடங்கினேன், இன்னும் அதே பேச்சுதான். நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்