அந்த 420 எப்படி 3000 ஆனது?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-லில் புதுமுகங்களை அணிகள் சுற்றுச் சுற்றாக (ரவுண்டு) முறைவைத்து எடுப்பதுதானே டிராஃப்ட்; 2023-ல் அதன் முதல் பிக்கை, அதாவது முதலில் எடுக்கும் உரிமையை, பேந்தர்ஸ் அணி பேர்ஸ் அணியிடமிருந்து வாங்கிய டிரேடுக்கு (கைமாற்றுக்கு) நீ போட்ட கூட்டலில் பிசகு இல்லை. ஒரே ஒரு வரிதான் உதைக்கிறது. '2024 முதல் ரவுண்டு' என்பதற்கு எதிரே 420 என்று எழுதியிருக்கிறாய். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்காகப் போடும் டிரேடில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் அந்த வரிதான்.

நீ எடுத்துக்கொண்டது, 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் உருவான, ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி மதிப்பு தரும் அட்டவணை. முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, மூன்றாவது 2200, பத்தாவது 1300, முப்பத்திரண்டாவது 590. அதைவிடப் புதிய அட்டவணைகள் வந்துவிட்டன என்றாலும் பேரத்தைப் புரிந்துகொள்ள இது போதும். அடுத்த வருட பிக்கை ஒரு ரவுண்டு கீழே இறக்கி மதிப்பிடுவது வழக்கம். அடுத்த வருட முதல் ரவுண்டு என்றால் இந்த வருட இரண்டாம் ரவுண்டின் நடுவில் உள்ள 48-ஆவது பிக்குக்குச் சமம். உன் 420 அப்படி வந்ததுதான்.

அந்த வழக்கம் பொருந்தும் இடத்தை முதலில் பார். 2017-ல் சீஃப்ஸ் அணி 27-ஆவது இடத்திலிருந்து 10-க்கு ஏறி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. பில்ஸ் அணிக்குக் கொடுத்தது 27-ஆவது பிக் (680), 91-ஆவது பிக் (136), 2018-ன் முதல் ரவுண்டு (உன் முறைப்படி 420). மொத்தம் 1236. வாங்கியது 1300. கிட்டத்தட்ட நேர் விலை. மஹோம்ஸ் அந்த வருடம் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்திருந்தார், அதுவரை அனுபவசாலி குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் ஆடினார், அணி 10 ஆட்டம் வென்றது. அதனால் பில்ஸுக்குப் போன பிக் 22-ஆவதாக விழுந்தது. அது 780 புள்ளி. 420-ஐவிடக் கூடுதல்தான், ஆனாலும் தாங்கக்கூடிய விலை.

இப்போது பேந்தர்ஸ். 9-ஆவது பிக் (1350), 61-ஆவது பிக் (292), 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, இவற்றோடு எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டி.ஜே. மூர். இவ்வளவும் கொடுத்து குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தார்கள். அந்த சீசனில் 17 ஆட்டங்களில் 2 வெற்றி. கொடுத்துவிட்ட 2024 பிக் அந்த டிராஃப்டின் முதல் பிக்காகவே பேர்ஸ் கையில் போய் விழுந்தது. அவர்கள் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டார்கள். அதன் விலை 3000 புள்ளி. உன் தாளில் 420.

அடுத்த போகத்து நெல்லை நாற்று நடும்போதே பேசி விற்பவர் உண்டு. விளைச்சலில் பங்கு என்று பேசியிருந்தால், விளைச்சல் பொய்க்கும்போது கொடுக்க வேண்டியதும் குறையும். டிராஃப்டில் தலைகீழ். கடைசி இடத்துக்கு வந்த அணிக்குத்தான் முதல் பிக் என்பதால், தோற்கத் தோற்கக் கொடுக்கும் பொருளின் விலை ஏறிக்கொண்டே போகும். குவார்ட்டர்பேக்குக்காக மேலே ஏறும் அணிகளில் பலவும் ஏற்கெனவே மோசமானவை. புதுப் பையனை முதல் வாரத்திலிருந்தே களத்தில் இறக்கும். அவனுக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய லைனைச் சரிசெய்யத் தேவையான பிக்குகளை இந்த டிரேடிலேயே தொலைத்திருக்கும். மூன்றும் சேர்ந்துகொள்வதால் 420 என்பது சராசரிக் கணக்காகக்கூட நிற்காது.

2012-ல் வாஷிங்டன் அணி குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினுக்காக ராம்ஸ் அணியுடன் போட்ட டிரேடையும் இதே கண்ணோடு பார். இரண்டாவது பிக்குக்காக 6-ஆவது (1600), 39-ஆவது (510), கூடவே 2013, 2014 இரண்டு வருட முதல் ரவுண்டுகள். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ரவுண்டு இறக்கினால் அந்த இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 610 வரும். 2600-க்கு 2720. பேரம் மோசமில்லை என்றுதான் தாள் சொல்லும். முதல் சீசன் பிரமாதம். பிறகு முழங்கால் போனது. 2013-ல் அணி 3-13 (3 வெற்றி, 13 தோல்வி). ராம்ஸுக்குப் போன 2014 பிக் இரண்டாவதாக வந்தது. அதாவது எந்தப் பொருளை வாங்கினார்களோ அதே பொருளை இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள், மற்றவை எல்லாம் வட்டி. 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, இந்த டிரேடால் கிடைத்தவர்களில் ஆறு பேரை டாஸ் போட கேப்டன்களாக அனுப்பினார் ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர். ராம்ஸ் 24-0 என்று வென்றது. கொஞ்சம் சின்னத்தனம்தான், ஆனால் சிரிப்பு வராமல் இருக்காது. அந்த இரண்டாவது பிக்கில் ராம்ஸ் எடுத்த கிரெக் ராபின்சனும் சோபிக்கவில்லை என்பது வேறு கதை.

ஆள் தேறாவிட்டால் விலை ஏறும் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதே. 2021-ல் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி 12-லிருந்து 3-க்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தது. 2022, 2023 இரண்டு முதல் ரவுண்டுகளையும், 2022-ன் மூன்றாம் ரவுண்டு ஒன்றையும் கூடுதலாகக் கொடுத்தது. லான்ஸ் அங்கே தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே ஆட்டங்களில். ஆனால் மற்ற இடங்களில் அணி பலமாக இருந்ததால் இரண்டு பிக்குகளும் 29-ஆவதாகவே விழுந்தன, தலா 640. அதற்கு மேல், 2022 டிராஃப்டின் கடைசி பிக்கான 262-ல் எடுத்த பிராக் பர்டி குவார்ட்டர்பேக்காக நிலைத்துவிட்டார். அது அதிர்ஷ்டம், அதைக் கணக்கில் சேர்க்காதே. 29 என்பது அதிர்ஷ்டமில்லை.

மூத்த ஆட்டக்காரர்களை வாங்கும்போதும் இதே கதைதான், சம்பளமும் சேர்ந்துகொள்ளும். 2022-ல் பிராங்கோஸ் அணி குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனுக்காகக் கொடுத்ததில் இரண்டு முதல் ரவுண்டுகள் அடக்கம். அந்த சீசன் 5-12 என முடிந்ததால் இரண்டாவது பிக் 5-ஆவதாக அவருடைய பழைய அணியான சீஹாக்ஸுக்குப் போனது. வில்சன் பிராங்கோஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 5 வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு வேறு. போனஸ் பணத்தை ஒரே வருடக் கணக்கில் காட்டாமல் ஐந்து வருடம் வரை பரப்பலாம். ஆளை விடுவித்தால் பரப்பிய மிச்சம் அப்படியே அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பான சேலரி கேப்பில் வந்து உட்காரும். 2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது, மீதமிருந்த உத்தரவாதச் சம்பளமும் சேர்ந்து, சுமார் 8.5 கோடி டாலர் டெட் மணி, அதாவது அணியில் இல்லாத ஆளுக்காகக் கணக்கில் நிற்கும் பணம். அதை இரண்டு வருடமாகப் பிரித்துச் சுமந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஏறுகிறார்கள் என்று கேட்பாய். 2010-ன் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர். புதுமுகச் சம்பள வரம்பு வந்த 2011-ல் கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடி. மலிவான குவார்ட்டர்பேக் கிடைத்தால் மிச்சப் பணத்தில் லைனும் டிஃபென்ஸும் வாங்கலாம். ஆசை நியாயமானதுதான்.

தாளை இப்படித் திருத்து. புதியவர் முதல் வாரத்திலிருந்தே ஆடப்போகிறார், அணியும் பலவீனம் என்றால், முதல் பத்து பிக்குகளின் சராசரியான 1845-ஐ எடுத்து, ஒரு வருடக் காத்திருப்புக்காகக் கொஞ்சம் கழி. அலெக்ஸ் ஸ்மித் மாதிரி ஒருவர் கையில் இருந்தால் 20-லிருந்து 32 வரை உள்ள பிக்குகளின் மதிப்பைப் போடு. 420-ஐ அழித்துவிடு. மூருக்கு எதிரே நீ காலியாக விட்டிருக்கும் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அவர் வயதையும் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த வருடங்களையும் பார்த்து, அந்தத் தரத்து ரிசீவரை எந்த பிக்கில் எடுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் போடு. திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா