பட்டியல் ஒட்டும் நாள்

அன்புள்ள பாப்பா,

"ஹெட் கோச் வேலையை எடுத்துக்கட்டுமாப்பா?" என்று நேற்று அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டாய். எடுத்துக்கோ என்று உடனே சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் 31 வருஷம் அதே வேலையைப் பார்த்தவன் நான். கூடவே வரும் பாரத்தைச் சொல்லாமல் சரி என்று சொன்னால், அப்பாவாகவும் தப்பு, கோச்சாகவும் தப்பு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த டீம் போன சீசனில் தோற்றுக்கொண்டே இருந்தது என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் வேண்டாம். நம் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தே கன்சாஸ் பல்கலைக்கழகக் கோச்சாக 55 ஆட்டம் ஜெயித்து 60 தோற்றவர். டியூக் பல்கலைக்கழகத்தில் 1980இல் கோச்சாகச் சேர்ந்த மைக் ஷஷெவ்ஸ்கி முதல் மூன்று சீசனில் 38 ஜெயித்தார், 47 தோற்றார். அவரை அனுப்பு என்று எத்தனையோ பேர் குரல் கொடுத்தும், அவரை வேலைக்கு எடுத்த டாம் பட்டர்ஸ் 1984இல் ஒப்பந்தத்தை நீட்டித்தார். அதற்கப்புறம்தான் ஐந்து தேசியப் பட்டமும். உன் ஊர்க் கதை, உனக்குத் தெரியாததில்லை. நான் சொல்ல வருவது வேறு. பேசப் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் ஒன்றைக் கேள்: எத்தனை சீசன் பொறுப்பீர்கள்? அதற்கு நேராகப் பதில் சொல்லாத கல்லூரி என்றால் யோசி.

துணைக் கோச்சாகச் சேர்ந்த புதிதில், வேனும் நான்தான் ஓட்டுகிறேன், ஜெர்சியும் நான்தான் துவைக்கிறேன் என்று சொன்னாய். அம்மா அன்று சாப்பிடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பேட் சம்மிட் 1974இல் 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கோச்சாகப் பொறுப்பேற்றபோது இதே இரண்டு வேலையையும் தானே செய்தார். 1,098 வெற்றியோடு ஓய்வு பெற்றார். எனக்கு வேன் கிடையாது. பந்து மூட்டையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, மே மாத வெயிலில் பன்னிரண்டு பையன்களோடு பெரியகுளம் டோர்னமென்டுக்குப் போவேன். ராத்திரி ஃபிளட் லைட்டில் ஆட்டம், ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நம் காலேஜ் கிரவுண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். சிமென்ட் தரை, வலை இல்லாத ரிங். ஐப்பசி மழைக்கு அப்புறம் விடிகாலையில் நானும் பையன்களும் தென்னந்துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுவோம். எவ்வளவு தள்ளினாலும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கை தண்ணீர் நிற்கும். பழைய ஜெர்சியைப் போட்டு ஒற்றி எடுப்போம். பந்து தேய்ந்து வழவழ என்று இருக்கும். நனைந்தால் கையில் நிற்காது, அதனால் அன்றைக்கு வெறும் காலசைவு டிரில்தான். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: பந்து இல்லாமலும் பாஸ்கெட்பால் ஆடலாம். ஹாரி பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அது. படித்து முடித்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மரங்களைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்.

1996. யுனிவர்சிட்டி போட்டிக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையன் இருந்தான். காலை ஐந்தே முக்காலுக்கு நான் கேட்டைத் திறக்கும்போது அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். உயரம் கம்மி, கை வேகம். அந்த வருஷம் ஆறடி நாலங்குலத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான், வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு ரீபவுண்ட் எடுக்க, ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஆள் வேண்டும். சைக்கிள் பையனை எடுத்துவிட்டு நெட்டையனைப் போட்டேன். இப்போது யோசித்தாலும் அந்த முடிவு தப்பில்லை. செய்த விதம்தான் தப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் என் ரூமுக்கு வந்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்த ஜெர்சியை மேஜை மேல் வைத்தான். நம்பர் 7 மேலே தெரிகிற மாதிரி மடித்திருந்தான். "வரேன் சார்" என்றான். நான் ஏதோ ஃபைலைப் புரட்டிக்கொண்டே தலையாட்டினேன்.

நம் ஊரில் டீமில் இருப்பது வெறும் ஆட்டம் இல்லை, பாப்பா. ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் ஃபீஸ் சலுகையும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று டீம் வைத்திருக்கிற இடங்களில் வேலை கிடைக்குமா என்று ஒரு வீடே காத்திருக்கும். அவன் பெயர் பட்டியலில் இல்லை என்றதும் ஆபீஸில் சலுகையை நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்ததே இரண்டு மாசம் கழித்துத்தான். அதற்குள் படிப்பை விட்டுவிட்டு ஹார்பரில் கூலி வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் அவன் வீட்டைத் தேடிப் போகலாம் என்று கிளம்பினேன். பேசின் பிரிட்ஜ் வரை போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். போயிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் 23 வருஷம், ஒரு வருஷம்கூட நான் பையன்களிடம் சொல்லாமல் பட்டியலை ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு முதல் நாளே ஒவ்வொருவனையும் தனியாக உட்காரவைத்துச் சொல்வேன். எடுக்காத பையன்களை முதலில் கூப்பிடுவேன். ஏன் எடுக்கவில்லை, அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யணும், ஃபீஸ் விஷயத்தை நான் யாரிடம் பேசப்போகிறேன், எல்லாம் சொல்வேன். சிலர் அழுவார்கள். ஒருவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறவன்தான் கோச்.

உன் ஊரில் பிடிக்கவில்லை என்றால் பிள்ளைகள் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள் என்றாய். மாறட்டும். ஆனால் செய்தியாகவோ ஈமெயிலாகவோ அவர்களுக்குத் தெரிய வேண்டாம். உன் வாயால் தெரியட்டும்.

2009இல் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் இங்கே நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் என் சட்டையை இழுத்து, "அந்தக் கோச் ஏன்பா உட்காரவே மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிட்டது.

எடுத்துக்கோ, கண்ணு. அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். முழங்காலுக்கு நான் போடும் தைலத்தையும் வைத்திருக்கிறேன், நாள் முழுக்க நின்றால் வேண்டியிருக்கும். முதல் பட்டியலை முடிவு பண்ணி, எல்லாரிடமும் பேசி முடித்த ராத்திரி எனக்குப் போன் பண்ணு. இங்கே அப்போது விடிந்திருக்கும். மெரினாவில் நடந்துகொண்டிருப்பேன், போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாமலே லைனில் இரு.

அன்புடன்,
அப்பா