"பால் காணாது" என்று சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம் என்று பதாகைகள் கட்டப்படுகின்றன. தாய்ப்பாலின் சிறப்பை அறியாத தாய் திருகோணமலையில் இன்று இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. காம்பு வெடித்து இரத்தம் கசியும்போதும், பால் கட்டி மார்பு கல்லாய்க் கனக்கும்போதும் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் அவளுக்குத் தெரிவதில்லை.

கடந்த மாசியில் என் மகளுக்கு முதற்பிள்ளை கிடைத்தது. சுகப்பிரசவமாகையால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் நிறையச் சுரக்கத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளளவில் என்பதால், சிக்கலும் வீட்டில்தான் தொடங்கியது. பிள்ளை ஓயாமல் அழ, நான் "பால் காணாது" என்று தீர்ப்புச் சொல்லி, பால்சுறா வறையும் உள்ளியும் ஆக்கிக் கொடுத்ததோடு நில்லாமல், மருமகனை அனுப்பிப் பால்மா ரின் ஒன்றும் வாங்குவித்தேன். வறையில் எனக்கு இன்றும் குறையில்லை, தவறு ரின்னில்தான். போத்தலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைக் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சல் குறையக் குறையச் சுரப்பும் குறையும்.

ஐந்தாம் நாள் வந்த குடும்பநல உத்தியோகத்தர் புத்திமதி எதுவும் சொல்லாமல், மகள் பால் கொடுத்து முடிக்கும்வரை அருகில் அமர்ந்து பார்த்தார். பிள்ளை காம்பின் நுனியை மட்டுமே கவ்வியிருந்தது. அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, நாடி மார்பில் படும்படியும் கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகும்படியும் அணைத்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். அந்தத் தடவையே மகளின் முகம் தெளிந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கலாம், பிள்ளை 6 தடவையேனும் நன்றாகச் சிறுநீர் கழித்து நிறையும் கூடிவந்தால் பால் போதும் என்று அவர் சொன்ன பிறகு, ஒரு வாரத்துக்குள் ரின் மூடப்பட்டது.

அவர் எங்களுக்குத் தந்த அரைமணி நேரம் வெருகலிலும் குச்சவெளியிலும் உள்ள தாய்மாருக்கும் முதல் ஐந்து நாள்களுக்குள் கிடைக்க வேண்டும். வைத்தியசாலையிலிருந்து தாய் வீடு திரும்பும் அன்றே அப்பகுதி உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் அறிவிப்பது பெரிய செலவன்று. சனி, ஞாயிறு, போயா நாள்களிலும் கேட்பதற்கு ஓர் இலக்கம் இருந்தால், திங்கட்கிழமை வரை காத்திருந்து காய்ச்சலில் விழ வேண்டியதில்லை.

பால்மா விற்பனை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவை இந்நாட்டில் 1983 முதல் உண்டு. வீட்டுக்குள் அம்மம்மாமார் செய்யும் விளம்பரத்துக்கோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே கர்ப்பிணிகளுக்கான கிளினிக் வகுப்புகளுக்குக் கணவனை மட்டுமன்றி, பிள்ளைப்பேற்றின் பின் வீட்டை நடத்தப்போகும் மூத்த பெண்ணையும் அழைக்குமாறு சுகாதார வைத்திய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ரின் வாங்கச் சொன்னவள் என்ற முறையில், கூப்பிட்டால் நானும் வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் அம்மம்மா,
உப்புவெளி, திருகோணமலை.