சாம்பல் பூத்த மரத்துக்கான உங்கள் ஆயில் ஸ்டெய்ன் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: வெளிப்புற மரத்துக்கான ஆயில் ஸ்டெய்ன் காயாமல் பிசுபிசுப்பது, தவறான வழிகாட்டல், உங்கள் ஊழியரின் மரியாதையற்ற பேச்சு – இழப்பீடு கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போனிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன். கூப்பிட்டால் பாட்டு ஓடுகிறது. பாட்டு முடிந்தால் புதிதாக ஒருவர் வருகிறார், அவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் புதிதாக ஒரு புகார் எண் கொடுத்துவிட்டு வைத்துவிடுகிறார். பழைய எண்ணைச் சொன்னால் "அது க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்" என்கிறார்கள். யார் க்ளோஸ் செய்தது, என்ன சரிசெய்து க்ளோஸ் செய்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நான் சொல்வது உங்கள் தேக்கு நிற ஆயில் ஸ்டெய்ன் டப்பா (மரத்துக்குள் இறங்கி நிறம் கொடுக்கும் எண்ணெய்ப் பூச்சு), புது மூடி போட்டு வந்ததே, அது. அதன் பக்கவாட்டில் நீங்களே அச்சடித்திருப்பது: சாம்பல் பூத்த பழைய மரத்தின் மீதும் நேரடியாகப் பூசலாம், தாராளமாகப் பூசவும், 24 மணி நேரத்தில் காய்ந்துவிடும். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. வீட்டின் பின்புறம் இருக்கும் மரத்தளத்துக்கும் அதன் கைப்பிடிக்கும் எழுதியிருந்தபடியே, தூசி தட்டி, உலர்ந்த நாளாகப் பார்த்துப் பூசினோம். வாரக்கணக்காகியும் காயவில்லை. செருப்போடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒட்டிக்கொண்டு 'சர்ர்' என்று பிய்கிறது. விழுந்த இலைகள் அப்படியே பதிந்துவிட்டன. கைப்பிடியில் கை வைத்த இடத்தில் விரல் ரேகை அச்சுப் போட்டதுபோல் நிற்கிறது. நிழல் விழும் மூலையில் சாம்பல் நிறத் தோல் எண்ணெயோடு சேர்ந்து செதில் செதிலாக உரிந்து வருகிறது.

உங்கள் உதவி எண்ணில் கிடைத்த யோசனைகளைக் கேளுங்கள். ஒருவர் 220 நம்பர், அதாவது நைசான உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்க்கச் சொன்னார். அடுத்தவர் தேய்க்கவே கூடாது, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷரை முழு வேகத்தில் வைத்து அடியுங்கள் என்றார். ஆணித்தலைகளைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்திருக்கிறதே என்றதற்கு ஒரு பெண்மணி, அது பூஞ்சை, ப்ளீச் ஊற்றுங்கள் என்றார். அப்புறம் இன்னொருவர், மேலே நிறமில்லாத க்ளியர் கோட் ஒன்று கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இவர்கள் எல்லாரும் ஒரே நிறுவனத்தில்தானே சம்பளம் வாங்குகிறார்கள்?

சரி, போனில் புரியவைக்க முடியவில்லை, நேரில் காட்டலாம் என்றால் அது அதைவிடக் கொடுமை. "ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டு சேவை மையத்துக்கு வாருங்கள், டெக்னீஷியன் பார்ப்பார்" என்று சொன்னது நீங்கள்தான். துருப்பிடித்த திருகுகளோடு போராடிப் பலகையைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி (அந்தத் தாளும் ஒட்டிக்கொண்டது, இன்றும் பலகையில் அதன் எழுத்துகளைப் படிக்கலாம்) வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். அங்கே டெக்னீஷியனே இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மரம்னா வெளியில கிடந்தா சாம்பலாத்தான் ஆகும் மேடம், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்" என்றார். நான் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, இதெல்லாம் அவங்களுக்குத்தான் புரியும்."

இப்படிப் பேசச் சொல்லித்தான் பயிற்சி கொடுக்கிறீர்களா? பலகையைக் கழற்றிய இடத்தில் மரத்தளத்தில் ஓட்டை இருப்பதால் யாரும் நடக்கக்கூட முடியவில்லை, இதில் இவர் பேச்சு வேறு. மற்றதை எல்லாம் மன்னித்தாலும் இதை மன்னிப்பதாக இல்லை. அவர் பெயர் அட்டை அணிந்திருக்கவில்லை. அன்று மதியம் பணியில் இருந்தவர் யார் என்று உங்கள் வருகைப் பதிவேடு சொல்லும்.

எனக்கு என்ன புரியும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரம் சாம்பல் நிறமாவதற்குக் காரணம் வெயில். அதில் உள்ள புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போய்விட, பிடிப்பில்லாத வெளிறிய நார் மட்டும் மேலே தங்குகிறது. ஈரமான இடங்களில் அதன் மேல் பூஞ்சையும் சேர்ந்து கருக்கிறது. பாழான அடுக்கு மெல்லியது, கீழே நல்ல மரம்தான். அந்தச் செத்த நாரின் மேல் எதைப் பூசினாலும் நாரோடு சேர்ந்து அதுவும் உரியும். முதலில் சோடியம் பெர்கார்பனேட் போன்ற கிளீனரால் கழுவி, பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசல் போட்டு நிறத்தை மீட்டு, நன்றாக அலசி, சில நாள் உலரவிட்டு, 60 அல்லது 80 நம்பர் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் ஸ்டெய்ன். 220 போட்டு வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்க வழியிருக்காது. வாஷரை முழு வேகத்தில் அடித்தால் மென்மையான நார் பறந்து பலகை மேடு பள்ளமாகிவிடும். ஆணியைச் சுற்றிய கறுப்பு, இரும்பும் மரத்தில் இயல்பாகவே இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து வந்த கறை. ப்ளீச்சுக்கு அது அசையாது, ஆக்சாலிக் அமிலத்துக்குத்தான் போகும். நிறமில்லாத க்ளியர் கோட் வெயிலை அவ்வளவாகத் தடுக்காது, தடுப்பது ஸ்டெய்னில் இருக்கும் நிறமிதான். இதெல்லாம் எனக்குச் சொன்னது அனுபவமுள்ள ஒரு தச்சர். சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், எண்ணெய் ஸ்டெய்னை மெல்லிசாகப் பூசி, கொஞ்ச நேரத்திலேயே மரம் குடிக்காத மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே இறங்காமல் மேலே நிற்கும் எண்ணெய்தான் இந்தப் பிசுபிசுப்பு. துடைக்கச் சொல்லி உங்கள் டப்பாவில் ஒரு வரி இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். 'தாராளமாகப் பூசவும்' என்றுதான் இருக்கிறது.

உங்கள் ஆட்களில் உருப்படியாகப் பேசியவர் ஒரே ஒருவர். அதே ஸ்டெய்னைப் புதிதாக லேசாகப் பூசினால் பழைய பிசுக்கு இளகும், உடனே துடைத்துவிடுங்கள் என்றார். கைப்பிடியில் அது ஓரளவு பலித்தது, அவருக்கு என் நன்றி. ஆனால் துடைத்த துணிகளை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, டப்பாவும் சொல்லவில்லை. பழைய பருத்தித் துணிகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவைத்திருந்தோம். சாயங்காலம் ஏதோ கருகும் வாடை. வாளிக்குள் கை வைத்தால் சுட்டது. குவியலின் நடுவில் இருந்த துணி பழுப்பேறி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எங்கள் குடும்பமே வீட்டோடு எரிந்து சாம்பலாகியிருக்கும்!

உங்கள் ஸ்டெய்னில் ஆளி விதை எண்ணெய் இருக்கிறது என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அது காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். துணியைக் குவித்துவைத்தால் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் போட வேண்டும். இதை எச்சரிக்கையாகத் தடித்த எழுத்தில் அச்சடிக்க வேண்டியது உங்கள் கடமை. மறுநாள் உதவி எண்ணில் சொன்னேன், எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். "துணி எப்படி மேடம் தானா சூடாகும்?" உங்கள் தயாரிப்பைப் பற்றி உங்களுக்கே தெரியாதா? இதே டப்பாவை வாங்கிப்போன மற்ற வீடுகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. உங்கள் உள்வேலை வார்னிஷை வருடக்கணக்காக வாங்குகிறவள் நான், அதில் ஒரு குறையும் கண்டதில்லை. எனவே மரியாதையாகவே கேட்கிறேன். ஸ்டெய்னுக்கான முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இந்தப் பிசுக்கைச் சுரண்டி, மரத்தைக் கழுவித் தேய்த்து மறுபடி பூசும் கூலியும் பொருளும் உங்கள் செலவாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரை நேரில் அனுப்புங்கள், கழற்றிய பலகையை இனி நான் எங்கும் சுமந்துகொண்டு வரமாட்டேன். கவுன்ட்டரில் அப்படிப் பேசியவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். துணி பற்றிய எச்சரிக்கையை அடுத்து வெளிவரும் டப்பாவிலாவது அச்சிடுங்கள், ஏற்கெனவே கடைகளில் இருப்பவற்றில் ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கை எனக்கு முக்கியம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வேன். துணி சூடான விஷயத்தைத் தீயணைப்புத் துறைக்கும் தனியாக எழுதுவேன். வக்கீலிடம் பேசியாகிவிட்டது. அதற்கு அவசியம் வைக்காமல் நீங்களே முடித்துக்கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இந்தக் கடிதத்துக்கும் புதுப் புகார் எண் கொடுத்து க்ளோஸ் செய்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், டப்பாவின் நான்கு பக்கப் படங்கள், மரத்தளம் மற்றும் கருகிய துணியின் படங்கள், இதுவரை தரப்பட்ட புகார் எண்கள்.