கயலுக்கு, புறாத் தோல் கிழிந்தது பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் ஆய்வுச் சேகரிப்புக்காக இறந்த பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தப் பழகும்போது, முதல் பறவையே புறாவாக வாய்த்து, முதுகுத் தோல் கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் கையில் குறை ஒன்றுமில்லை மா. புறாத் தோல் நனைந்த டிஷ்யூ மாதிரி; இறகும் தொட்டாலே உதிரும், அதிலும் வாலுக்கு மேலே. பழகுகிற கைக்குப் புறாவைக் கொடுத்திருக்கவே கூடாது. மைனாவைக் கேள். இங்கே சிங்கப்பூரில் புளோக்குக்குப் புளோக் மைனாதான், அங்கேயும் அதற்குப் பஞ்சமில்லை. தோல் உறுதி, உடம்பும் கைக்கு அடக்கம்.

முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வை. உள்ளே பனி இருக்கும்போது தொட்டால் தோல் கிழியும். அறுப்பதற்கு முன் எடை, சிறகு நீளம், கண், அலகு, கால் நிறம் எல்லாம் குறித்துவிடு. இறகு நிறம் நிற்கும், கண் நிறம் நிற்காது. தொண்டையில் பஞ்சு அடை, இல்லாவிட்டால் வாய்வழியே நீர் கசியும்.

மார்பெலும்பின் கீழ்நுனியிலிருந்து கழிவாய்க்குச் சற்று முன்வரை தோலை மட்டும் கீறு. வயிற்றுச் சவ்வு பிளந்தால் குடல்நீர் வயிற்று இறகெல்லாம் ஊறிவிடும். ஈரம் தெரியும் இடத்திலெல்லாம் கொரகொரப்பான சோளமாவைத் தூவு, மைதா பசையாகிவிடும். தோலை இழுக்காதே. கட்டைவிரலால் உடம்பைத் தோலிலிருந்து தள்ளு. முழங்கால் மூட்டில் வெட்டு. வாலெலும்பின் கடைசிக் கணுவை விட்டு அதற்கு முன்னால் வெட்டு. பின்னே தள்ளி வெட்டினால் வாலிறகின் வேர் அறுந்து ஒவ்வொன்றாக விழும். தலைவரை உரித்ததும் காதுக் குழித் தோலை இடுக்கியால் பிடுங்கு. கண் உருண்டையை முழுதாக எடு; ஓட்டை விழுந்தால் அந்த நீர் முக இறகில் ஒட்டும். மண்டையின் பின்புறத்தைத் திறந்து மூளையை வழித்தெடு. மரங்கொத்திக்கும் வாத்துக்கும் தலை கழுத்துக்குள் நுழையாது. அப்போது பிடரியில் தனியாகக் கீற வேண்டும்.

இனி கொழுப்பு. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அக்டோபர், நவம்பரில் இங்கே கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழும் நீலச்சிறகு பிட்டா (தமிழ்நாட்டில் இதன் இனமான இந்தியப் பிட்டாவைத்தான் ஆறுமணிக்குருவி என்பார்கள்) போன்ற வலசைப் பறவைகளுக்குத் தோலடியில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு தேங்கியிருக்கும். விட்டுவைத்தால் ஆண்டுகள் போனபின் எண்ணெயாகக் கசிந்து, அமிலமாகித் தோலை அரிக்கும். தோல் அப்பளமாக நொறுங்கும், லேபிளும் பழுப்பேறும். ஆகவே மழுங்கிய கத்தியால், இறகு வேர்களுக்கு இடையிலும் சுரண்டு. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டுக் குளிர்ந்த நீரில் அலசு. வெந்நீரில் ரத்தக் கறை பிடித்துக்கொள்ளும். நுரை நிற்கும்வரை அலசு. சோப்பு மிஞ்சினால் இறகு கற்றை கற்றையாக ஒட்டும். துண்டில் ஒற்றி, ஹேர் டிரையரைச் சூடில்லாமல் வைத்து, இறகுப் போக்குக்கு எதிராக ஊது.

உரித்த உடம்பை எறிந்துவிடாதே. மைனாவில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுதான், உள்ளே பார்த்தால்தான் தெரியும். சிறுநீரகத்தின் முன்முனையில் இரண்டு விதைபோல் இருந்தால் விரை. இடப்பக்கம் மட்டும் ரவை ரவையாக இருந்தால் சூலகம். மில்லிமீட்டரில் அளந்து எழுது. மரபணுச் சோதனைக்காக மார்புத் தசையில் துவரம்பருப்பளவு எடுத்து 95 விழுக்காட்டு எத்தனாலில் போடு.

இனி தோலுக்குள் நிரப்புவது. குச்சியில் பஞ்சு சுற்றி, நுனியை மண்டைக்குள் செருகு. கழுத்துப் பஞ்சு நிஜக் கழுத்தைவிடப் பருமனாக வேண்டாம்; புதியவர்கள் செய்த தோலை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நாலைந்து தையல், அலகுக்கு ஒரு கட்டு, கால்களைக் குறுக்கே வைத்து லேபிள். அதில் நாள், இடம், எடுத்தவர், எடை, ஆணா பெண்ணா என்பது. இவை இல்லாத தோல் வெறும் இறகு மூட்டை. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், எத்தனால் பட்டால் மை ஓடும்.

பலகையில் குண்டூசி குத்தி நிறுத்தி இரண்டு வாரம் காய விடு. எங்கள் ஊர் ஈரத்தில் வெளியே வைத்தால் பூஞ்சைதான், குளிரூட்டிய அறை வேண்டும். உனக்கு அந்தத் தொல்லை குறைவு. காய்ந்ததும் பையில் மூடி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம், தோல்தின்னி வண்டு சாவதற்காக. வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைத் திறக்காதே, பனித்துளி உள்ளே படும்.

பழைய அலமாரியைத் தொடும்போது கையுறை போடு. அந்தக் காலத்தில் ஆர்சனிக் பூசினார்கள். இங்கே ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2015ல் திறந்த லீ கொங் சியான் அருங்காட்சியகத்துக்கு வந்தது போன்ற பழைய சேகரிப்புகளில் அந்த எச்சரிக்கை எங்கும் பொருந்தும்.

பறவைக்குள் வைக்கும் குச்சிக்கு இறைச்சி செருகிச் சுடும் நம் சாத்தே குச்சியே போதும். ஒரு கட்டு அனுப்பலாம் என்றால் மூங்கிலை அந்த ஊர்ச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அங்கேயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா